உதட்டில் தொட்ட பிரஷ்

"அப்ப அந்தக் குமாஸ்தா சொன்னான் பாரு: 'சார், மனுதாரர் செத்துட்டார், ஆனா மனு உயிரோட இருக்கு!'"

தொழிலாளர் துறை ஆய்வாளர் சொல்லி முடித்ததும் மேடம் சிரித்தாள். வாய்விட்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த அவளுடைய உதவியாளனுக்கு வயிறு எரிந்தது.

அவனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. ஊர் வைத்த பெயர் வாய்க்கால். எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கும் வாய் என்பதால் அப்படி. துப்பறியும் மேடத்திடம் சேர்ந்த நாள் முதல் அவன் சொல்லாத நகைச்சுவை இல்லை. ஒன்றுக்காவது அவள் உதடு பிரிந்திருக்குமா? இந்த ஆள் அவளோடு கல்லூரியில் படித்தவனாம். சட்டையில் இஸ்திரி மடிப்பு கத்தி மாதிரி நிற்கிறது. அதற்காக இந்தச் சிரிப்பா?

"சிரிச்சு முடிச்சாச்சுன்னா வந்த வேலையப் பார்க்கலாமா?" என்றான் வாய்க்கால்.

மேடம் அவனை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு ஆய்வாளரிடம் திரும்பினாள். "கட்டுப்பல் செய்யற அந்த லேப் முதலாளி என்கிட்ட வந்து அழறார். வெளிநாட்டுல இருந்து முறையாத்தான் ஆளக் கொண்டுவந்தேன், யாரோ குழி பறிச்சுட்டாங்கன்னு. அவர் மேல என்ன புகார்?"

"வெளிநாட்டு ஆள வேலைக்கு வைக்கிறது குத்தமே இல்ல," என்றார் ஆய்வாளர். "ஆனா அதுக்கு ஒரு வரிசை இருக்கு. முதல்ல இங்கயே விளம்பரம் குடுக்கணும். தகுதியான உள்ளூர் ஆள் மனு போட்டா அவங்களுக்குத்தான் முதல் உரிமை. யாரும் வரலன்னா எங்ககிட்ட அனுமதி கேட்கலாம். உள்ளூர் ஆளுக்குக் குடுக்கற அதே சம்பளத்த அவங்களுக்கும் குடுக்கணும். அனுமதி வந்தப்புறம் விசா. விசா வந்தப்புறம்தான் வேலை."

"கல்யாணத்துக்கு முன்னாடி குடித்தனம் கூடாதுங்கறீங்க," என்றான் வாய்க்கால்.

ஆய்வாளர் சிரித்தார். மேடம் சிரிக்கவில்லை.

"முதலாளி எல்லாத்தையும் சரியாத்தான் செஞ்சிருக்கார். இடையில ஒரே ஒரு சந்தேகம். அனுமதி கேட்கறதுக்கு முன்னாடி அந்த வெளிநாட்டுப் பொண்ண நேர்காணலுக்குக் கூப்பிட்டார். அவ பார்வையாளர் விசாவுல வந்தா. வந்து பேசலாம், கைவேலையக் காட்டலாம், தப்பில்ல. சோதனைக்கு ஒரு பல்லு செஞ்சு காட்டினான்னு அவரே எழுதிக் குடுத்திருக்கார். இப்ப அவ முறையா வேலைக்கு வந்து சேர்ந்து மாசக்கணக்காகுது. போன வாரம் ஒரு மொட்டைப் புகார்: நேர்காணல்னு வந்தவ, அப்பவே முழுநேரம் வேலை செஞ்சா, வாடிக்கையாளருக்குப் பல்லு செஞ்சு குடுத்தான்னு. கூடவே இந்தப் படம்."

மேசைமேல் அவர் வைத்த படத்தை இருவரும் குனிந்து பார்த்தார்கள். ஜன்னலோர மேசை. முக்காலியில் ஒரு பெண், பக்கவாட்டில். தலைமுடி முழுக்கத் தொப்பிக்குள். கண்ணுக்குப் பெரிய பூதக்கண்ணாடி. முகமூடி மோவாய்க்கு இறக்கிவிடப்பட்டிருந்தது. ஆனால் உயர்த்திய கை பாதி முகத்தை மறைத்தது. கையில் நுண்ணிய பிரஷ். முன்னால் சின்னத் தட்டில் ஒரு பீங்கான் பல், தாங்கியில் இன்னொன்று.

"ஒரு பல்லுன்னு சொன்னார். இங்க ரெண்டு இருக்கு," என்றார் ஆய்வாளர். "படத்துல பதிஞ்ச தேதியும் நேர்காணல் நடந்த தேதிதான்."

"இது அவதான்னு எப்படித் தெரியும்? முகமே தெரியலையே," என்றாள் மேடம்.

"ஏப்ரனப் பாரு. நீலம். அவ சொந்த ஊர்ல இருந்து கொண்டுவந்தது. லேப்புல மத்த எல்லாருக்கும் வெள்ளைதான். முதலாளியே ஒத்துக்கிட்டார்." ஆய்வாளர் பெருமூச்சு விட்டார். "இன்னிக்கு சாயங்காலம் நான் முடிவெழுதணும். எழுதினா அவ ஊருக்குத் திரும்பணும். அந்த லேப் இனிமே வெளிநாட்டு ஆளப் பத்தி நினைச்சே பார்க்க முடியாது. உனக்காக அதுவரைக்கும் காத்திருக்கேன்."

'உனக்காக'வாம். வாய்க்கால் பல்லைக் கடித்தான்.

•

கட்டுப்பல் லேப்பில் காலெடுத்து வைத்ததும் மாவு மில்லுக்குள் நுழைந்தது போல இருந்தது. எங்கும் வெள்ளைத் தூசி. வரிசையாக மேசைகள், ஒவ்வொன்றிலும் விளக்கு, அச்சில் வார்த்த ஈறுகள், மூலையில் பல்லைச் சுடும் சின்ன அடுப்புகள். ஆணும் பெண்ணுமாய்ப் பத்துப் பன்னிரண்டு பேர் குனிந்த தலை நிமிராமல் வேலை செய்துகொண்டிருந்தார்கள்.

"இத்தனை பல்லு சுத்தி இருந்தும் ஒருத்தர்கூட சிரிக்கலையே," என்றான் வாய்க்கால்.

வாசலருகே கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் தொலைபேசியும் கையுமாக இருந்தவள் முதலாளியின் மகள். முப்பதை நெருங்கும் வயது. வரும் ஆர்டரைப் பதிவு செய்வது, பல் மருத்துவர்களுக்குப் பதில் சொல்வது, பெட்டி கட்டி அனுப்புவது எல்லாம் அவள் பொறுப்பு. "அப்பா உள்ள இருக்கார்," என்று கைகாட்டிவிட்டு மறுபடி தொலைபேசிக்குள் போய்விட்டாள்.

முதலாளி ஜன்னலோர மேசையில் அந்த வெளிநாட்டுப் பெண்ணோடு நின்றிருந்தார். நீல ஏப்ரன். அவள் கையிலிருந்த பிரஷ்ஷை வாங்கி, "இங்க பாரு, ஓரத்துல கொஞ்சம் சாம்பல் நிறம் ஓடணும்," என்றபடி பிரஷ் நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கினார்.

"ஐயா! உதடு வேண்டாம்!" அவள் பாய்ந்து பிடுங்கிக்கொண்டாள். இந்த ஊர் மொழியைத் தட்டுத்தடுமாறித்தான் பேசினாள். "பொடி. வயிறு கெட்டுப் போகும்." பிரஷ்ஷை ஈரப் பஞ்சில் உருட்டிக் கூராக்கிக் காட்டினாள்.

முதலாளி குழந்தை மாதிரி சிரித்தார். "என்ன செய்ய, பழைய பழக்கம். இங்க இருக்குற மத்தவங்களும் இவள மாதிரிதான், பஞ்சுலதான் தொடுவாங்க. எல்லாரும் பள்ளிக்கூடத்துல படிச்சுட்டு வந்தவங்க. என்கிட்ட நேரா கத்துக்கிட்டவங்க இப்ப யாரும் இல்ல."

மேடம் அந்தப் பெண்ணிடம் கேட்டாள்: "நேர்காணலுக்கு வந்தப்ப எத்தனை பல்லு செஞ்சீங்க?"

அவள் வாய் திறந்தாள், முதலாளியின் முகத்தைப் பார்த்தாள், மூடிக்கொண்டாள்.

"ரெண்டு," என்றார் முதலாளி அவளுக்குப் பதிலாக. "ஒண்ணுதான் செய்யச் சொன்னேன், அதத்தான் எழுதிக் குடுத்தேன். மத்தியானம் சாப்பிட்டு வந்துதான் தட்டப் பார்த்தேன், ரெண்டு இருந்துது. ரெண்டாவதப் பார்த்தேன் பாருங்க, அப்படியே நின்னுட்டேன். உயிருள்ள பல்லு! அதுக்குள்ள வெளிச்சம் போயிட்டு வருது. இந்தக் கைய விடக்கூடாதுன்னு அன்னிக்கே முடிவு பண்ணினேன். அதையும் வாடிக்கையாளருக்குக் குடுக்கல. இதோ என்கிட்டயே இருக்கு." சட்டைப்பையிலிருந்து ஒரு சிறு டப்பாவை எடுத்துத் திறந்தார். பஞ்சுக்கு நடுவே ஒற்றைப் பல். "பல் டாக்டருங்க யாரு வந்தாலும் இதைத்தான் காட்டுவேன். இதக் காட்டித்தான் பாதி ஆர்டர் வருது."

வெளிநாட்டுப் பெண் அந்த டப்பாவைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டாள். 'குத்தமுள்ள நெஞ்சு குறுகுறுக்குது,' என்று வாய்க்கால் மனதுக்குள் குறித்துக்கொண்டான்.

"கண்ணு!" என்றார் முதலாளி. "அந்த நாலாம் நம்பர் அச்சை எடு."

இரண்டு தலைகள் திரும்பின. ஒன்று பக்கத்திலிருந்த நீல ஏப்ரன்காரி. இன்னொன்று கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த மகள். அப்பா யாரைக் கூப்பிட்டார் என்று புரிந்ததும் மகளின் தலை மெல்ல மறுபடி தொலைபேசிப் பக்கம் திரும்பியது.

வாய்க்கால் அதைப் பார்த்தான். ஏனோ காலையில் கேட்ட மேடத்தின் சிரிப்புச் சத்தம் அவன் காதில் விழுந்தது.

•

வெளியே வந்து சுவரோரம் நின்றார்கள்.

"என்ன கண்டுபிடிச்சே?" என்றாள் மேடம்.

"போட்டி லேப்காரன் வேலையா இருக்கும்னு நினைச்சேன். இப்ப நினைக்கல. நீங்க?"

மேடம் படத்தின் நகலை நீட்டினாள். "இந்தக் கை ஏன் முகத்த மறைக்குது? முகமூடி ஏன் மோவாயில இருக்கு?"

அவன் உற்றுப் பார்த்தான். "பிரஷ்... உதட்டுல இருக்கு."

"அந்தப் பொண்ணு உதட்டுல வைப்பாளா?"

"முதலாளி வச்சதுக்கே அவ குதிச்ச குதிய நாம பார்த்தோமே!" வாய்க்கால் நிமிர்ந்தான். "அப்ப இது அவ இல்ல. அவ ஏப்ரன மாட்டிக்கிட்டு வேற யாரோ. முதலாளிகிட்டயே தொழில் கத்துக்கிட்ட யாரோ."

"அப்படி யாரும் இல்லன்னு சொல்றாரே. சரி, யாரா இருந்தாலும் எதுக்கு அவ ஏப்ரன மாட்டணும்? பக்கத்துலயே வெள்ளை ஏப்ரன் தொங்குது. மாட்டிவிடணும்னு அன்னிக்கே திட்டமா?"

"திட்டமெல்லாம் இல்ல மேடம்." வாய்க்காலின் குரல் இறங்கியது. "பொறாமை. பொறாமை வந்தா முதல்ல சட்டையத்தான் கேட்கும்."

"உனக்கெப்படித் தெரியும்?"

"காலையில இருந்து அந்த ஆய்வாளர் சட்டை மாதிரி ஒண்ணு வாங்கணும்னு மனசு அடிச்சுக்குது."

மேடம் அவனை முழுசாக ஒரு பார்வை பார்த்தாள். கேலி செய்வாள் என்று எதிர்பார்த்தான். செய்யவில்லை. "மேல சொல்லு," என்றாள்.

"'கண்ணு'ன்னு கூப்பிட்டதும் ரெண்டு தலை திரும்புச்சு. பொறந்ததுல இருந்து அந்தப் பேரக் கேட்டு வளர்ந்த தலை ஒண்ணு. நேத்து வந்த தலை ஒண்ணு. அவர் கூப்பிட்டது நேத்து வந்ததை."

"மக தொலைபேசி எடுக்கறவதானே?"

"இப்ப எடுக்கறா. சின்ன வயசுல அப்பா மடியில உட்கார்ந்து என்ன செஞ்சாளோ, யாரு கண்டா? பார்த்துடலாம் மேடம். எனக்கு ஒரு பிரஷ், ஒரு மைப்புட்டி, ஒரு வாழ்த்து அட்டை வேணும். செலவு கணக்கு கேட்கக் கூடாது."

•

"தொந்தரவுக்கு மன்னிக்கணும்," என்றான் வாய்க்கால், கண்ணாடித் தடுப்புக்கு முன்னால் நின்று, உலகத்தில் உள்ள அப்பாவித்தனத்தையெல்லாம் முகத்தில் வரவழைத்துக்கொண்டு. "எங்க மேடத்துக்கு நாளைக்குப் பிறந்தநாள். இதுல 'வாழ்த்துகள்'னு அழகா எழுதணும். என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். நீங்க பெட்டி மேல எழுதியிருக்கறதப் பார்த்தேன், அச்சடிச்ச மாதிரி இருக்கு."

மகள் தயங்கினாள். "பிரஷ்லயா?"

"பேனாவுல எழுதினா நானே எழுதிடுவேனே!"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அட்டையை இழுத்துக்கொண்டாள். புதுப் பிரஷ்ஷின் முடிகள் விரிந்து நின்றன. விரலால் ஒரு முறை தடவினாள். அப்புறம், சுவாசிப்பது போல இயல்பாக, நுனியை உதடுகளுக்கு நடுவே வைத்து ஒரு சுழற்று சுழற்றினாள். முடியெல்லாம் ஊசி போலச் சேர்ந்தது.

"யாரு சொல்லிக் குடுத்தது?" என்றான் வாய்க்கால்.

"எதை?"

"உதட்டுல கூராக்கறத."

அவள் கையிலிருந்த பிரஷ் அப்படியே நின்றது. அவனுக்குப் பின்னால் மேடம் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். மகள் படத்தைப் பார்த்தாள். எழுதாத அட்டையைப் பார்த்தாள். அப்புறம் பிரஷ்ஷை மெதுவாக மேசைமேல் வைத்தாள்.

"எட்டு வயசுல," என்றாள். "மேசை எட்டாதுன்னு முக்காலி மேல பெட்டி போட்டு அப்பா உட்கார வச்சார். பெரியவளானதும் 'கணக்குப் படி, ஆபீசப் பார்த்துக்கோ, இந்தத் தூசி உனக்கெதுக்கு'ன்னுட்டார். பாசம்தான். பாசத்துல பண்ணினது."

•

மாலையில் ஆய்வாளர் வந்தபோது வேலையாட்கள் போய்விட்டிருந்தார்கள். முதலாளி, மகள், வெளிநாட்டுப் பெண், மேடம், வாய்க்கால். ஜன்னலோர மேசையைச் சுற்றி எல்லோரும் நின்றார்கள். மகள் மட்டும் பேசினாள்.

"அன்னிக்கு மத்தியானம் அப்பா இவங்கள சாப்பிடக் கூட்டிட்டுப் போனார். என்னைக் கூப்பிடல. தொலைபேசிய யார் பார்க்கறது? மத்தவங்களும் சாப்பிடப் போனப்ப உள்ள வந்தேன். இவங்க செஞ்ச பல்லு தட்டுல இருந்துது. நல்லாத்தான் இருந்துது. ஆனா எனக்கு இதவிட நல்லா வரும்னு தோணுச்சு. ஏப்ரன் முக்காலி மேல கிடந்துது. மாட்டினேன். போனை அலமாரியில சாய்ச்சு வச்சு நானே படம் எடுத்தேன். அப்பாகிட்ட காட்டலாம்னுதான் எடுத்தேன். 'இது யாரு தெரியுதா'ன்னு கேட்கலாம்னு."

"ஏன் காட்டல?" என்றாள் மேடம்.

"பல்ல சுட்டு முடிச்சு ஆறட்டும்னு தட்டுல வச்சுட்டு வாசலுக்குப் போனேன். அவங்க திரும்பி வந்தாங்க. அப்பா தட்டப் பார்த்தார். இவங்க கையப் பிடிச்சுக்கிட்டு, 'இந்தக் கை மாதிரி ஒரு கைய நான் பார்த்ததே இல்ல'ன்னார்." "அதுக்கப்புறம் எதைக் காட்ட?"

முதலாளியின் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. டப்பாவைத் தொட்டது. எடுக்கவில்லை.

"மாசக்கணக்கா பொறுத்தேன். கண்ணுன்னு கூப்பிட ஆரம்பிச்சார். என்னால முடியல. படம் போன்ல இருந்துச்சு. முகம் தெரியல. அனுப்பிட்டேன். என் படத்தையே இவங்க படம்னு சொல்லி அனுப்பினேன்." அவள் வெளிநாட்டுப் பெண்ணை நேராகப் பார்த்தாள். "உங்கமேல எனக்கு ஒரு கோபமும் இல்லன்னு சொல்ல மாட்டேன். இருந்துது. இப்பவும் இருக்கு. ஆனா நான் செஞ்சது பாவம்."

வாய்க்கால் வழக்கு முடிந்தது என்று நினைத்து மூச்சு விட்டான். அப்போதுதான் வெளிநாட்டுப் பெண் வாய் திறந்தாள்.

"எனக்குத் தெரியும்."

எல்லோரும் திரும்பினார்கள்.

"முதல் நாளே தெரியும். நான் ஒண்ணு செஞ்சேன். தட்டுல ரெண்டு. ஐயா பாராட்டினது என் பல்லு இல்ல." ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து வைத்தாள். "சொன்னா வேலை இல்ல. வீட்டுல அம்மா, தம்பி. அதனால சொல்லல. இங்க வந்து தினம் அந்த மாதிரி செய்யப் பார்க்கறேன். வரல. யார் கைன்னு தெரியாது. இந்த மேசை அந்த மேசை எல்லாம் தேடினேன். ராத்திரி படுத்தா அந்தப் பல்லுதான். அந்தக் கை மேல..." சொல் கிடைக்காமல் நெஞ்சில் கையை வைத்துத் தேய்த்துக் காட்டினாள். எரிச்சல்.

"பொறாமை," என்றாள் மகள்.

"ஆமா. பொறாமை. ரொம்ப."

ஒருவர் வயிற்றெரிச்சல் இன்னொருவருக்கு மருந்தாகும் என்று வாய்க்கால் அன்றுதான் பார்த்தான். மகளின் முகத்தில் மாசக்கணக்காக இறுகியிருந்த ஏதோ ஒன்று தளர்ந்தது.

மேடம் ஆய்வாளரிடம் கேட்டாள்: "இப்ப அனுமதி செல்லுமா? சோதனைப் பல்லு இவளோடது இல்லன்னு ஆயிடுச்சு. தகுதியான உள்ளூர் ஆள் வீட்டுக்குள்ளேயே இருந்திருக்காங்க."

"சட்டம் கேட்கறது ஒண்ணுதான்," என்றார் ஆய்வாளர். "விளம்பரம் குடுத்தாங்களா, தகுதியான உள்ளூர் ஆள் மனு போட்டாங்களா? போட்டிருந்தா, அது பெத்த மகளாவே இருந்தாலும், அவங்களத் தள்ளிட்டு வெளியாள எடுத்திருக்க முடியாது. யாரும் போடல. இவ அனுமதிக்கு முன்னாடி வேலையும் செய்யல. படத்துல இருக்கறதே இவ இல்ல. இவ செஞ்ச ஒரு பல்லும் தொழில் தெரிஞ்ச பல்லுதான். அனுமதி செல்லும்." மகளைப் பார்த்தார். "நீங்க புகாரத் திரும்ப வாங்கி உண்மைய எழுதிக் குடுக்கணும். பொய்ப் புகாருக்கு எச்சரிக்கை வரும். இன்னொரு தடவைன்னா எச்சரிக்கையோட நிக்காது."

மகள் தலையாட்டினாள்.

முதலாளி இப்போது மகளிடம் நெருங்கி வந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நீ ஒரு மனு போட்டிருக்கலாமேம்மா? ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே?"

"அந்த விளம்பரத்த டைப் அடிச்சதே நான்தாம்ப்பா," என்றாள் அவள். "'தகுதியுள்ள உள்ளூர்க்காரர் யாரேனும்'னு அடிச்சப்ப நீங்க என் நாற்காலிக்குப் பின்னாடிதான் நின்னீங்க. 'எழுத்துப் பிழை இல்லையே'ன்னு மட்டும் கேட்டீங்க."



"நாளையில இருந்து நீ இங்க உட்காரு," என்றார் முதலாளி. ஜன்னலோர முக்காலியை இழுத்துப் போட்டார். "இது உன் இடம்."

"இது இவங்க இடம்ப்பா. முறையா வந்து உட்கார்ந்தவங்க," என்றாள் மகள். "எனக்கு நீங்க அழுதுக்கிட்டே குடுக்கற இடம் வேண்டாம்."

•

கொஞ்ச நாள் கழித்து முதலாளி மேடத்தின் அலுவலகத்துக்கு வந்தார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. தண்ணீர் கொடுத்தால் குடிக்கவில்லை.

"இன்னொரு வேலை இருக்கு," என்றார். "ரகசியமா முடிக்கணும்."

"சொல்லுங்க."

"ஊருக்கு அந்தப் பக்கம் இன்னொரு லேப் இருக்கில்ல, எனக்குப் போட்டியா? அவங்க ஒரு விளம்பரம் போட்டிருந்தாங்க. அதுக்கு ஒருத்தி மனு போட்டு, வரிசையில நின்னு, சோதனைக்குப் பல்லு செஞ்சு காட்டி, வேலைக்குச் சேர்ந்துட்டா."

"யாரு?"

"வேற யாரு? என் மகதான்." அவர் குரலைத் தாழ்த்தினார். "அங்க என்ன பல்லு செய்யறான்னு பார்த்து வந்து சொல்லணும். என்கிட்ட வந்துக்கிட்டிருந்த டாக்டருங்க ரெண்டு பேர் அந்தப் பக்கம் போயிட்டாங்க. என் லேப்புல இருக்கற பொண்ணும் தினம் கேட்கறா, 'உங்க பொண்ணு இப்ப எப்படிச் செய்யறா'ன்னு. எங்க ரெண்டு பேருக்குமே தூக்கம் இல்ல."

"இதுக்கு எதுக்குத் துப்பறியணும்?" என்றான் வாய்க்கால். "ஒரே வீட்டுலதானே இருக்கீங்க? சாப்பிடும்போது கேட்டாப் போச்சு."

"கேட்டேனே!" என்றார் முதலாளி. நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். எரிச்சலும் பெருமையும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு அவர் முகத்தில் இடம் பிடிக்கப் பார்த்தன. "'எங்க கம்பெனி விஷயத்தப் போட்டியாளுங்ககிட்ட சொல்லக் கூடாது'ன்னு சொல்லிட்டு, தட்ட எடுத்துக்கிட்டு உள்ள போயிட்டா."